கவிழ்வதற்கு முன், கவிழ்ந்த பின்

படகு வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன் என்று தெரிந்துவிட்டால் போதும், கடல்மேல் கொஞ்சமாவது ஆசை உள்ள யாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். பெரிய அலையில் எது தாங்கும், கேட்டமரானா மோனோஹல்லா? ஒரே உடலும், அதன் அடியில் தண்ணீருக்குள் துருத்திக்கொண்டிருக்கும், ஈயமோ இரும்போ வைத்த கனமான கீலும் உள்ள பாய்மரப் படகு மோனோஹல். ஒல்லியான இரண்டு உடல்களைத் தள்ளி வைத்து குறுக்கே தளம் போட்டு இணைத்தது கேட்டமரான், அதற்கு அடியில் கனம் கிடையாது. (நம் ஊர்க் கட்டுமரம் இந்த இரண்டிலும் சேராது, அதற்குப் பிறகு வருகிறேன்.) இரண்டு பக்கமும் தீவிரமான ஆட்கள் இருக்கிறார்கள். கேட்டமரான் சாயவே சாயாது என்பது ஒரு கட்சி, சாய்ந்தால் எழுந்திருக்கவே எழுந்திருக்காது என்பது எதிர்க்கட்சி. இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான், ஆனால் இரண்டு பேரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு படகைக் கவிழ்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பது ஒன்று, கவிழ்ந்த பிறகு அதில் இருக்கும் ஆட்களுக்கு என்ன ஆகும் என்பது இன்னொன்று. நிலைத்தன்மை என்று ஒரே சொல்லில் இரண்டையும் கட்டிப்போட்டுவிடுவதால்தான் இந்தச் சண்டை முடிவதே இல்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், பெரிய கணக்கு இல்லை. 12 மீட்டர் நீளம், 9 டன் எடை, இரண்டு படகுக்கும் அதே அளவு. கேட்டமரானில் இரண்டு உடல்களின் நடுக்கோடுகளுக்கு இடையே ஐந்தரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று தள்ளி ஒரு பக்க உடல் தண்ணீரை விட்டு எழும்புகிற அந்த நொடியில் மொத்தப் படகையும் மறுபக்க உடல் மட்டும் தாங்குகிறது. எடை இறங்குவது நடுவில், தாங்குகிற இடம் அதிலிருந்து இரண்டே முக்கால் மீட்டர் தள்ளி. 9-ஐ 2.75-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 25 டன்-மீட்டர். படகை நிமிர்த்தப் பார்க்கும் திருப்புத்திறனின் உச்சம் அதுதான், அது பத்துப் பன்னிரண்டு டிகிரிச் சாய்விலேயே வந்துவிடும். அதே எடையுள்ள மோனோஹல்லில் அந்த இடைவெளி, அதாவது நெம்புகோலின் நீளம், முக்கால் மீட்டர், மிஞ்சிப்போனால் 80 சென்டிமீட்டர். 7 டன்-மீட்டர் வரும். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஆனால் மோனோஹல்லுக்கு அந்த 7 வருவது 50, 60 டிகிரி சாய்ந்த பிறகு. பாய்மரம் தண்ணீரில் படுத்துவிட்ட 90 டிகிரியிலும் கீல் அதை இழுத்து நிமிர்த்திக்கொண்டேதான் இருக்கும். நடுக்கடலுக்குப் போகிற நல்ல படகுக்கு 120 டிகிரி வாக்கில்தான் அந்த இழுப்பு தீரும். கேட்டமரானுக்கோ பத்துப் பன்னிரண்டைத் தாண்டினால் இறங்குமுகம்தான், 80, 90 டிகிரியில் எதுவும் மிச்சம் இருக்காது. அதற்கு அப்புறம் அதே அகலம் எதிர்ப்பக்கமாக வேலை செய்து படகைத் தலைகீழாகப் போட்டுவிடும். தலைகீழாகவும் அது அசையாமல் நிற்கும், நேராக நின்றபோது எப்படி நின்றதோ அப்படியே.

இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க முடிகிற இடம் இன்க்ளைனிங் டெஸ்ட். கட்டி முடித்த படகின் ஈர்ப்பு மையம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் செய்கிற சோதனை. காற்றில்லாத அதிகாலையில், கட்டியிருக்கும் கயிறுகளைத் தளர்த்திவிட்டு, உள்ளே நீளமான ஒரு நூலில் குண்டைத் தொங்கவிடுவோம். அது சும்மா ஆடிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காகக் குண்டை ஒரு வாளி எண்ணெயில் முக்கி வைப்பது வழக்கம். வாளிக்கு மேலே குறுக்காக ஒரு பட்டைப் பலகை, நூல் எங்கே நிற்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. அப்புறம் தளத்தின் மேல் இருக்கும் எடைக்கட்டிகளை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்த்தி, நூல் எவ்வளவு தள்ளிப்போகிறது என்று மறுபடி கோடு போட வேண்டும். எடை நகர்த்துகிறவர்களும் தம் வேலை முடிந்ததும் குறித்த இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். யாராவது ஒருவர் போன் பேச ஓரமாக ஒதுங்கினால்கூட கோடு கெட்டுப்போகும். மோனோஹல்லில் நூல் பளிச்சென்று நகர்வது தெரியும். கேட்டமரானில் அதே எடையை நகர்த்தினால் புதுக் கோடு பழைய கோட்டின் மேலேயே விழுகிறது, பென்சில் முனையின் தடிமன்தான் அளவில் பெரிதாக நிற்கிறது. எடையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், கூட்டினாலும் மனதுக்குத் திருப்தியாக ஒரு அளவு கிடைப்பதில்லை. சோதனை துல்லியமாக வராத வேகப் படகுகளுக்கு, ஒவ்வொரு பொருளின் எடையையும் இடத்தையும் கணக்கெடுத்தே ஈர்ப்பு மையத்தை முடிவுசெய்யலாம் என்று சர்வதேச விதிகளே இடம் கொடுத்திருக்கின்றன. அவ்வளவு விறைப்பு.

விறைப்பு என்றால் சொகுசு என்று நினைத்துவிட வேண்டாம். நிமிர்த்தும் விசை எவ்வளவு அதிகமோ அவ்வளவு வெடுக்கென்று படகு திரும்பும். கீல் வைத்த படகு அகலமாக, மெதுவாகச் சாய்ந்து, மெதுவாகவே நிமிரும். கேட்டமரான் அலையின் சரிவோடு சரிவாகப் போகும், சரிவு மாறினால் அதுவும் உடனே மாறும். ஹாங்காங்கிலிருந்து மக்காவ் போகிற அலுமினிய கேட்டமரான் ஃபெர்ரிகளில் வடகிழக்குக் காற்று வீசும் காலத்தில் போயிருக்கிறேன். கோணலாகப் பின்னால் இருந்து அலை வந்தால் முன்பின் ஆட்டமும் பக்கவாட்டு ஆட்டமும் ஒரே சுழற்சியாகச் சேர்ந்துகொள்ளும், சாய்வுக்கோணம் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை, ஆனால் வயிறு ஒத்துக்கொள்ளாது. எதிர் அலையில் இன்னொரு தொல்லை, இரண்டு உடல்களுக்கும் நடுவே இருக்கிற தளத்தின் அடிவயிற்றில் தண்ணீர் வந்து அறைவது. முதல்முறை கேட்கிறவர்கள் படகு எதிலோ மோதிவிட்டது என்றே நினைப்பார்கள். டாஸ்மேனியாவின் இன்கேட் நிறுவனம் தன் பெரிய கேட்டமரான்களில் இரண்டு உடல்களுக்கு நடுவே தண்ணீருக்கு மேல் மூன்றாவதாக ஒரு அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, வைப்பதற்குக் காரணமும் இந்த மாதிரி கடல்தான். முன்பக்கம் அலைக்குள் குத்தப் போகும்போது அந்த நடு அணியம் தண்ணீரைத் தொட்டு மேலே தூக்கிவிடும். அவர்களுடைய 74 மீட்டர்ப் படகு ஒன்று 1990-இல் அட்லாண்டிக்கை மூன்றரை நாளுக்குள் கடந்து சாதனைக் கோப்பையே வாங்கியது.

சரி, பாய்மரத்துக்கு வருவோம், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் அதிகம். மோனோஹல்லில் காற்று கூடினால் படகு சாயும். சாய்ந்தால் பாய் காற்றுக்குக் காட்டுகிற உயரம் குறையும், காற்று மேலே வழிந்து போய்விடும். அதோடு தளத்தில் நிற்கிறவருக்குக் காலிலேயே தெரியும், பாயைச் சுருக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று. கேட்டமரானில் அந்தத் தகவல் வராது. 20 நாட் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) காற்று 30 ஆனால் பாயின் மேல் விழும் விசை ஒன்றரை மடங்கு ஆகாது, இரண்டேகால் மடங்கு ஆகும். படகு சாயாததால் அவ்வளவும் பாய்மரத்திலும் அதைப் பிடித்திருக்கும் கம்பிகளிலும் போய் ஏறும், ஆனால் மேசைமேல் வைத்த தட்டு வைத்த இடத்திலேயே இருக்கும். அதனால்தான் கேட்டமரான் தயாரிப்பாளர்கள் எத்தனை நாட் காற்றுக்கு எவ்வளவு பாய் என்று அட்டவணையே போட்டுக் கொடுக்கிறார்கள். அதைக் காற்றுமானியைப் பார்த்துப் பின்பற்ற வேண்டும், அதுவும் சராசரிக் காற்றை வைத்து இல்லை, திடீரென்று கூடி அடிக்கிற வீச்சுக் காற்றை வைத்து. இரவில், மழைமேகத்துக்கு அடியில், எல்லோரும் அசதியாக இருக்கும்போது இந்த ஒழுக்கம் தளர்ந்தால் படகு முன்கூட்டி ஒன்றும் சொல்லாது.

அளவும் ஒரு பெரிய விஷயம், பேச்சில் யாரும் அதைக் கொண்டுவருவதில்லை. ஒரு படகின் எல்லா அளவையும் இரட்டித்தால் பாயின் பரப்பு நான்கு மடங்கு, பாயின் உயரம் இரண்டு மடங்கு, ஆகக் கவிழ்க்கும் திருப்புத்திறன் எட்டு மடங்கு. எடை எட்டு மடங்கு, அகலம் இரண்டு மடங்கு, ஆக நிமிர்த்தும் திருப்புத்திறன் பதினாறு மடங்கு. கடற்கரையில் விளையாட்டுக்கு ஓட்டுகிற சின்னக் கேட்டமரான் மத்தியானத்துக்குள் பல தடவை கவிழும், அதை வைத்து 15 மீட்டர்ப் படகைப் பற்றி முடிவுகட்டுவது தப்பு. அதேபோல 15 மீட்டர்ப் படகின் பெருமையை 9 மீட்டர்ப் படகுக்குத் தூக்கிக் கொடுப்பதும் தப்பு.

இப்போது அலை. 1979 ஆகஸ்ட் மாதம் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே நடந்த ஃபாஸ்ட்நெட் பந்தயம்தான் இந்த விஷயத்தில் எல்லோருடைய கண்ணையும் திறந்தது. 303 படகுகள் கிளம்பின, 13-ஆம் தேதி இரவு புயல் பிடித்தது, பந்தயத்தில் இருந்தவர்களில் 15 பேர் இறந்தார்கள். படகுகள் அத்தனையும் கீல் வைத்தவை, ஆனாலும் பல முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி எழுந்தன. அதன் பிறகு சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் மாதிரிப் படகுகளைத் தொட்டியில் விட்டுச் செய்த சோதனைகளில் தெளிவான ஒன்று, உடையாத அலை எவ்வளவு உயரமாக இருந்தாலும் படகு அதன்மேல் ஏறி இறங்கிவிடும் என்பது. கவிழ்ப்பது உடையும் அலை. படகின் நீளத்தில் ஏறத்தாழ 60 சதவீத உயரமுள்ள அலை பக்கவாட்டில் வந்து உடைந்தால் எந்த வடிவத்து மோனோஹல்லும் தப்பாது. 12 மீட்டர்ப் படகுக்கு அது 7 மீட்டர் அலை. புயல் கடலில் அது அபூர்வம் ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் கேட்டமரானுக்கு ஒரு அனுகூலம் உண்டு, அதை எதிர்க்கட்சி மறந்துவிடுகிறது. அடியில் ஆழமான கீல் இல்லாததால், பக்கவாட்டில் நகராமல் இருக்கத் தண்ணீருக்குள் இறக்குகிற நடுப்பலகைகளை மேலே தூக்கிவிட்டால், உடையும் அலை அதைப் பக்கவாட்டில் சறுக்கித் தள்ளிக்கொண்டு போகும். அலையின் பலம் சறுக்கலிலேயே தீர்ந்துவிடும். கீல் உள்ள படகைக் கீழே தண்ணீர் பிடித்துக்கொள்ளும், மேலே அலை தள்ளும், காலில் கயிறு கட்டிய ஆளைத் தோளில் தள்ளினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். கேட்டமரான் ஆழ்கடலில் கவிழ்வது என்றால் பெரும்பாலும் அளவுக்கு மீறிய பாயோடு வீச்சுக் காற்றில் மாட்டியதாக இருக்கும், இல்லாவிட்டால் அலையின் முகத்தில் வேகமாக இறங்கி முன்பக்கத்தை எதிர் அலையில் குத்தி முன்னால் புரண்டதாக இருக்கும். இரண்டுக்கும் மருந்து வேகத்தைக் குறைப்பது. ஃபாஸ்ட்நெட்டுக்குப் பிறகு டொனால்ட் ஜோர்டன் என்ற அமெரிக்கப் பொறியாளர் நீளமான கயிற்றில் நூற்றுக்கு மேல் சின்னச் சின்னத் துணிக் கூம்புகளைக் கோத்து, படகின் பின்முனையான அமரத்திலிருந்து இழுத்துக்கொண்டு போகிற தடுப்பு ஒன்றை உருவாக்கினார். இரண்டு உடல்களின் ஓரத்திலிருந்தும் கயிறு கட்டி இழுக்க முடிவதால் கேட்டமரானில் அது இன்னும் நன்றாக வேலை செய்யும், படகு குறுக்கே திரும்பப் பார்த்தால் அகலமே அதை நேராக்கிவிடும்.

கவிழ்ந்த பிறகு என்ன? மோனோஹல் தானே எழும், பெரும்பாலும். 1999-இல் தென்கடலில் இசபெல் ஒத்திஸியே என்ற மாலுமி தனியாக ஓட்டிவந்த பந்தயப் படகு புரண்டது, கீல் உடையாமல் அப்படியே மேலே நீட்டிக்கொண்டிருந்தது, ஆனாலும் படகு திரும்பவில்லை. வேகத்துக்காகத் தளத்தை அகலமாகவும் தட்டையாகவும் கட்டியிருந்தார்கள், தலைகீழாக அது ஒரு கேட்டமரான் மாதிரியே நின்றுவிட்டது. சக போட்டியாளர் ஜொவானி சொல்தினி வழியை விட்டுத் திரும்பி வந்து அவரைக் காப்பாற்றினார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் டோனி புல்லிமோர் என்ற மாலுமியின் படகில் கீலே ஒடிந்து போய்விட, கவிழ்ந்த படகுக்குள் இருட்டில் நாட்கணக்கில் கிடந்தவரை ஆஸ்திரேலியக் கடற்படை வந்து மீட்டது. 2014-இல் அட்லாண்டிக்கில் ‘சீக்கி ரஃபிக்கி’ என்ற படகின் கீல் கழன்றது, நான்கு பேரும் போய்விட்டார்கள். கீல் இருக்கிறவரைதான் மோனோஹல்லின் வாக்குறுதி. அகலமான நவீனப் படகுகளில் அந்த வாக்குறுதி இன்னும் கொஞ்சம் சுருங்கிவிட்டது.

அதோடு அடியில் ஈயம் இருப்பதால் உள்ளே தண்ணீர் நிறைந்தால் அது முழுகும். கேட்டமரானில் கனம் கிடையாது, நுரை வைத்த சுவர்கள், மூடிய காற்றறைகள், தலைகீழானாலும் மிதந்துகொண்டே இருக்கும். இந்த மிதப்பின் மதிப்புக்கு ‘ரோஸ் நோயல்’ என்ற படகைத்தான் சொல்வேன். அது மூன்று உடல் படகு, ஆனால் இந்த விஷயத்தில் கேட்டமரானுக்கு உடன்பிறப்பு. 1989 ஜூனில் நியூசிலாந்திலிருந்து டோங்காவுக்குப் போகும் வழியில் ஒரு அலை அதைக் கவிழ்த்துப் போட்டது. நான்கு பேர். தலைகீழான உடலில் ஓட்டை போட்டு மேலே வந்து, உள்ளே நான்கு பேர் திரும்பிப் படுக்கவும் முடியாத ஒரு மூலையில் ஒடுங்கி, மழைத் தண்ணீர் பிடித்து, மீன் பிடித்து, 119 நாள். கடைசியில் படகு கிரேட் பேரியர் தீவின் பாறையில் போய் மோதியது, நான்கு பேரும் கரையேறினார்கள். இவ்வளவு நாள் கடலில் கிடந்தவர்கள் இப்படியா இருப்பார்கள் என்று ஊரில் பலர் நம்பவே மறுத்துவிட்டார்கள். ஃபாஸ்ட்நெட்டையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அங்கே ஆட்கள் கைவிட்டுப் போன படகுகள் 24, அவற்றில் 19 பிறகு மிதந்தபடி மீட்கப்பட்டன. அவசரப்பட்டுக் காற்றடைத்த மிதவைக்கு மாறியவர்களில் சிலரைக் கடல் கொண்டுபோனது, மிதவைகள் கிழிந்தன, புரண்டன. எந்த வகைப் படகானாலும், அது மிதக்கிறவரை அதைவிட்டு இறங்கக் கூடாது என்பதை நான் இந்த இரண்டு சம்பவங்களிலிருந்துதான் உறுதியாக எடுத்துக்கொண்டேன்.

இதே விஷயத்தில் என்னால் வருத்தமில்லாமல் எழுத முடியாத ஒன்று ஹோகுலேயா. பாலினீசிய மரபில் கட்டிய ஹவாயின் இரட்டை உடல் படகு. 1976-இல் மௌ பியாய்லுக் என்ற மைக்ரோனேசிய வழிகாட்டி கருவி எதுவும் இல்லாமல், நட்சத்திரத்தையும் அலையையும் பார்த்தே அதை டஹிட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இரண்டு வருஷம் கழித்து, 1978 மார்ச் 16, சுமை நிறைய ஏற்றிக்கொண்டு, பலமான காற்றில் மறுபடி கிளம்பியது. ஒரு பக்க உடலில் தண்ணீர் ஏறியது. ஏறிய பக்கம் தாழ்ந்தது, தாழ்ந்ததால் இன்னும் ஏறியது, அன்று இரவே மொலொக்காய் நீரிணையில் புரண்டுவிட்டது. நான் மேலே போட்ட கணக்கு இரண்டு உடலும் காற்று நிறைந்து இருக்கும்போதுதான் செல்லும், ஒன்றில் தண்ணீர் புகுந்தால் அந்த 25 டன்-மீட்டர் எங்கே போனது என்றே தெரியாது. ஆட்கள் இரவெல்லாம் கவிழ்ந்த உடல்களைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். காலையில் எடி ஐகாவு என்ற உயிர்காப்பாளர், ஹவாயில் பெயர் பெற்ற அலைச்சறுக்கு வீரர், உதவி கொண்டுவருகிறேன் என்று தன் சறுக்குப் பலகையில் லனாய் தீவை நோக்கிக் கிளம்பினார். அன்று மாலை ஒரு பயணிகள் விமானம் இவர்களுடைய ஒளிக்குண்டைப் பார்த்துவிட, படகோடு இருந்தவர்கள் எல்லோரும் மீட்கப்பட்டார்கள். எடி கிடைக்கவே இல்லை. அவருடைய துணிச்சலைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் படகு மிதந்துகொண்டிருந்தது. அதற்கு அப்புறம் 1980 பயணத்தில் துணைப் படகு ஒன்று பின்னாலேயே போனது, 2014 முதல் 2017 வரை அதே ஹோகுலேயா உலகத்தையே சுற்றி வந்தது.

கட்டுமரத்துக்கு வருகிறேன் என்று சொன்னேன். அதில் தண்ணீர் நிறைவதற்கு ஒரு உள்ளறையே கிடையாது, கட்டைகளின் இடுக்கு வழியாக வந்த அலை வந்தபடியே போய்விடும். கரையோர அலையில் அது புரளும், புரண்டால் மீனவர்கள் கையாலேயே திருப்பிப் போட்டு ஏறிக்கொள்வார்கள். கவிழாமலும் இருக்கப் பார்க்காமல், தானே எழவும் பார்க்காமல், இரண்டு ஆள் பலத்தில் திருப்பக் கூடியதாக இருப்பது மூன்றாவது வழி. சின்ன அளவில்தான் அது நடக்கும், 9 டன்னை யாராலும் திருப்ப முடியாது. நம் கரைகளில் இன்று ஃபைபர் படகுகள் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன, வேகமும் சுமையும் கூடியது. கட்டையிடம் இயல்பாக இருந்த மிதப்பை ஃபைபரில் நுரை அடைத்து நாம்தான் உண்டாக்க வேண்டும். படகு கட்டும் செலவில் மிச்சம் பிடிக்கிறோம் என்று அந்த நுரையில் கைவைக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

என் சொந்த முடிவைக் கேட்டால், சொல்கிறேன். குடும்பத்தோடு வெப்பக் கடல்களில், வானிலையைப் பார்த்துப் பார்த்துப் போகிற பயணத்துக்கு 12 மீட்டருக்குக் குறையாத கேட்டமரான். தெற்கே 40 டிகிரி அட்சரேகைக்குக் கீழே, ஓட முடியாத, ஒளிய இடமில்லாத கடலுக்கு அதிக அகலமில்லாத கனத்த மோனோஹல், சின்ன ஜன்னல்களோடு. இரண்டிலும் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு. மோனோஹல் விற்கிறவரிடம் எத்தனை டிகிரியில் நிமிர்த்தும் விசை தீர்கிறது என்று கேளுங்கள், கீல் போல்ட்டுகளைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தார்கள் என்று கேளுங்கள், தரையில் இடித்த சரித்திரம் உண்டா என்று விடாமல் கேளுங்கள். கேட்டமரான் விற்கிறவரிடம் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஏசி, ஜெனரேட்டர், குடிநீர் இயந்திரம், டைவிங் சிலிண்டர் என்று ஏற்றி ஏற்றி ஒல்லியான உடல்கள் அமுங்கி, நடுத்தளம் தண்ணீருக்குப் பக்கத்தில் வந்துவிட்ட படகுகளை நிறையவே பார்க்கிறேன். அப்புறம் தலைகீழானால் வெளியேறுவதற்கென்று ஒரு வழி இருக்கும், கவிழக்கூடிய பல உடல் படகுகளுக்கு ஐரோப்பிய விதியே அதைக் கேட்கிறது. அது எங்கே என்று காட்டச் சொல்லி, விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்தில் படுத்துக்கொண்டு, கூரை கீழேயும் தரை மேலேயும் இருப்பதாக வைத்துக்கொண்டு, கையால் தடவி ஒரு தடவை திறந்து பாருங்கள்.